காந்தி வீதி பழைய புத்தகக் கடை: உலகம் அழிந்த கட்டு 300 ரூபாய்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணிக்கடைகளுக்கு நடுவே தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் போடுகிறார் ஒருவர். கடைக்குப் பெயர் கிடையாது. கைடு, நாவல் தேடுகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். யாராவது வீட்டைக் காலி செய்யும்போது மொத்தமாகத் தள்ளிவிடுவதுதான் இவருடைய சரக்கு, அதனால் ஒரே ஆள் வருஷக்கணக்கில் சேர்த்தது அப்படியே கட்டாகக் கிடைக்கும். எனக்குச் சிக்கியது உலக முடிவு பற்றிய கட்டு. "வச்சிருந்தவரு ரொம்ப பயந்த ஆளு போல சார், மொத்தமா எடுத்துக்கோங்க" என்று 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்.

பயந்த ஆள் இல்லை, விவரமான ஆள். தேதி குறித்தவர்கள் மறுநாள் காலையில் என்ன சொன்னார்கள் என்பதைத்தான் அவர் சேர்த்திருக்கிறார். மேலே இருந்தது 1962 பிப்ரவரி வாரப் பத்திரிகை ஒன்று. மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, 3 முதல் 5 தேதிக்குள் உலகம் முடிந்தது என்று அப்போது நாடெங்கும் ஒரே பீதி, ஊர் ஊராக யாகம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் யாகம் செய்தவருக்கு அது தோல்வியே இல்லை பாருங்கள், யாகம் பலித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கு அடியில், அமெரிக்க உளவியலாளர் லியான் பெஸ்டிங்கரும் இரண்டு சகாக்களும் 1956-ல் வெளியிட்ட ஆய்வுப் புத்தகம். சிகாகோ பக்கம் டாரதி மார்ட்டின் என்ற பெண்மணி, 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், அதற்கு முன் பறக்கும் தட்டு வந்து நம்பியவர்களை ஏற்றிக்கொள்ளும் என்று சொல்ல, ஒரு சின்னக் கூட்டம் உடம்பில் உலோகமே கூடாதென்று பேன்ட் ஜிப்பைக்கூடப் பிய்த்துவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தது. தட்டு வரவில்லை. விடியற்காலையில் அந்த அம்மாவுக்கு இன்னொரு செய்தி வந்தது: நீங்கள் விழித்திருந்து பரப்பிய ஒளியால் கடவுள் உலகத்தைக் காப்பாற்றிவிட்டார். நம் யாகக் கணக்கேதான்! அதுவரை நிருபர்களைத் தவிர்த்தவர்கள், உடனே அவர்களே பத்திரிகைகளுக்குப் போன் போட ஆரம்பித்தார்களாம்.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு இடம். அன்றிரவு அந்த வீட்டில் சேர்ந்து உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நம்பிக்கையை விடவில்லை; கிறிஸ்துமஸ் லீவுக்குத் தங்கள் வீட்டுக்குப் போய்த் தனியாகக் காத்திருந்தவர்கள்தான் விட்டுவிட்டார்கள். விளக்கம் எவ்வளவு சொத்தையாக இருந்தாலும் பக்கத்தில் தலையாட்ட நாலு பேர் இருந்தால் போதும் போல. ஒரு குறையும் சொல்ல வேண்டும், ஆய்வாளர்களே பக்தர் வேஷத்தில் உள்ளே புகுந்திருந்தார்கள், அவ்வளவு சின்னக் கூட்டத்தில் அது ஒன்றையும் மாற்றியிருக்காது என்று நான் நம்பமாட்டேன்.

மற்றதெல்லாம் வேகமாகப் படிக்கலாம். அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்து ஏமாந்தார்கள், தேதி சரிதான், நடந்தது பரலோகத்தில் என்று ஒரு பிரிவு விளக்கம் சொல்லி, அதிலிருந்து 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையே அமைந்தது. தென்கொரியப் போதகர் லீ ஜாங் ரிம் 1992 அக்டோபர் 28 என்று தேதி குறித்துவிட்டு, அதற்கப்புறம் முதிர்வடையும் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார், மோசடி வழக்கில் உள்ளே போனார். அமெரிக்க வானொலிப் போதகர் ஹரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார், 2012-ல் தேதி குறித்ததே தப்பு என்று எழுதிக் கொடுத்தார். அபூர்வம். (அதே 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் வந்து எங்கள் கடலூர் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்கு எந்தத் தீர்க்கதரிசியும் தேதி சொல்லவில்லை.)

கடைக்கு வருவோம். சரக்குக்கு ஐந்துக்கு ஐந்து, பராமரிப்புக்கு இரண்டுதான். பத்திரிகையில் நடுப்பக்கங்கள் இல்லை, ஒரு புத்தகத்தில் செல் அரித்திருக்கிறது, வீட்டில் வெயிலில் காய வைக்காமல் அலமாரியில் ஏற்றாதீர்கள். ஜிபே உண்டு. பேரம் பேசினால் தனிப் புத்தகத்துக்கு இறங்கமாட்டார், கட்டாகக் கேட்டால் இறங்குவார். மழை பெய்தால் கடை கிடையாது, ஐப்பசி கார்த்திகையில் இதற்காகவே கடலூரிலிருந்து பஸ் ஏறாதீர்கள்.