புத்தகம் போட தருமபுரியிலேயே ஆள் இருக்கிறார், அவசரம் மட்டும் ஆகாது

என் அப்பா புளி மண்டி வைத்திருந்தவர். கணக்கு நோட்டுகளின் பின்பக்கங்களில் மழை, விலை, பங்காளிச் சண்டை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதைப் புத்தகமாகப் போட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று சேலம் வரை விசாரித்தேன். போன இடமெல்லாம் ஒரே பதில்: "ஃபைல் கொண்டாங்க, அடிச்சுத் தர்றோம்." உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மாடி அறையில் இருக்கும் இந்தக் கடையில்தான், "நான் ஒரு தடவை படிச்சுட்டு விலை சொல்றேம்மா" என்றார்கள்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பேப்பர்காரர் கடை என்று கேட்டால் கீழே டீக்கடையில் கைகாட்டுவார்கள். நடத்துபவர் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவராகச் சேர்ந்து, இரவுப் பணி உதவி ஆசிரியராக இருந்தவர். அப்புறம் அதை விட்டுவிட்டு கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதிக் கடிதம், பில் எல்லாம் பார்த்திருக்கிறார். இப்போது இந்தக் கடை. இதற்கு நடுவில் ஊருக்கு மனு எழுதித் தருவது வேறு. இவ்வளவு வேலை மாறியவர் எதையும் உருப்படியாகச் செய்வாரா என்று என் தம்பிக்குச் சந்தேகம். எனக்கு அந்த மூன்று வேலையும் சேர்ந்துதான் லாபமாக முடிந்தது.

முதலில் எடிட்டிங். உதவிக்கு இருக்கும் பெண் அப்பாவின் நோட்டை வாய்விட்டு வாசிக்கிறாள், கமா, முற்றுப்புள்ளி உட்பட. இவர் அச்செடுத்த தாளில் ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே போகிறார். ஃபேன் சத்தத்துக்கு மேல் அந்தப் பெண் "கொட்டைப்புளி மூட்டை கமா" என்று கத்துவதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் நான் டைப் அடித்ததில் விட்டுப்போன ஒரு முழுப் பத்தி அப்படித்தான் பிடிபட்டது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியதில் சிதைந்துபோன எழுத்துகளும் இந்த வாசிப்பில்தான் சிக்கின.

அடுத்தது தகவல். அப்பா 1958இல் நடந்த ஒன்றை எழுதும்போது 'நம்ம தருமபுரி மாவட்டம்' என்று எழுதியிருந்தார். "அன்னிக்கு நீங்க சேலம் மாவட்டம்மா. 1965 அக்டோபர் 2லதான் பிரிச்சாங்க" என்றார். 1998இல் கிருஷ்ணகிரிக்குப் போய் வந்ததை அப்பா வேறு மாவட்டப் பயணமாக எழுதியதையும் வட்டம் போட்டுவிட்டார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா காலமான வருஷத்தை அப்பா 1926 என்று எழுதியிருந்தார். 1925 ஜூலை 23 என்று உடனே சொன்னவர், சிவா நடத்திய 'ஞானபாநு' பத்திரிகை பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார். அன்று வேறு வேலை நடக்கவில்லை. பத்திரிகைக்காரர்களிடம் பத்திரிகை பற்றி வாய் கொடுத்தால் இதுதான் கதி. இதில் எதையும் அப்பாவின் வரிக்குள் கை வைத்துத் திருத்தவில்லை. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் குறிப்பாகப் போட்டார். அப்பாவின் பேச்சு அப்படியே நிற்கிறது. இதற்காகவே அவருக்கு முழு மார்க் கொடுப்பேன்.

வெட்டுவதில் மட்டும் இரக்கம் இல்லை. 190 பக்கம் 144 ஆயிற்று. மொய்ப் பட்டியல் முழுக்கப் போய்விட்டது. அத்தை இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஒரு பாரத்துக்கு, அதாவது ஒன்றாக அடித்து மடிக்கும் ஒரு பெரிய தாளுக்கு, 16 பக்கம், 9 பாரத்தில் முடித்தால் காகிதம் வீணாகாது என்று கணக்குச் சொன்னார். எஸ்டிமேட்டையும் மாங்கூழ் ஆலைக்காரர் மாதிரியே எழுதித் தந்தார்: எடிட்டிங் பக்கத்துக்கு 40 ரூபாய், காகிதம், அச்சு, பைண்டிங், லாரி வாடகை எல்லாம் தனித்தனி வரி. 300 பிரதிக்குக் கடைசி பில்லும் அதே தொகைதான் வந்தது. புளி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இது சாதாரண விஷயமில்லை.

குறை என்றால் அட்டை. புளியமரப் படம் கம்ப்யூட்டரில் பச்சையாக இருந்தது, புத்தகத்தில் சாணி நிறமாக வந்தது. அச்சு வெளியூரில் நடக்கிறது, கலர் புரூஃப் அனுப்புங்கள் என்று இவர் அங்கே கறாராகச் சொல்லியிருக்க வேண்டும். நேரத்துக்கும் கொடுப்பதில்லை. தை, வைகாசி வந்தால் கல்யாணப் பத்திரிகைகள் முன்னால் போகும், புத்தகம் பின்னால் போகும். உட்கார ஒரே ஒரு ஸ்டூல்.

ஞாயிறு மாலை போனால் அந்த ஸ்டூலும் கிடைக்காது. மறுநாள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு மனு எழுத ஆட்கள் படி வரை நிற்பார்கள். காசு வாங்குவதில்லை. நான் பார்த்த அன்று ஒரு பாட்டி பட்டா விஷயமாக நாலு பக்க மனுவோடு வந்திருந்தார். "போன மனுவோட ரசீது எங்க ஆயா?" என்று கேட்டு வாங்கி, அந்த எண்ணையும் தேதியையும் முதல் வரியில் போட்டார்; சர்வே நம்பர் இரண்டாவது வரி; என்ன வேண்டும் என்பது மூன்றாவது வரி. மருமகன் செய்த அநியாயம் மொத்தத்தையும் கோடு போட்டு நீக்கிவிட்டார். பாட்டிக்கு மனசே இல்லை. "அது கலெக்டருக்கு வேண்டாம் ஆயா, எங்கிட்ட சொல்லுங்க" என்றார். அந்த மனுவுக்கும் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். என் புத்தகம் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு சண்டை போட வாய் வரவில்லை.

கவிதைப் புத்தகம் என்றால் முதலிலேயே போனில் கேட்டுவிடுங்கள், பிடிக்காவிட்டால் எடுக்க மாட்டார். திங்கள் காலை கடை பூட்டியிருக்கும். கையெழுத்துப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்; மூலத்தை அவர் கையில் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்.