நினைவாற்றலுக்கென விற்கப்படும் குர்க்குமின் கேப்சூல்: நான்கு மாத அனுபவம்

74 வயதான என் அம்மாவுக்கு அல்சைமர் நோய் உறுதியான சில வாரங்களில், மருந்துக் கடையில் கண்ட, மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருள் அடங்கிய ஒரு கேப்சூலை வாங்கினேன். மூளை அழற்சியைக் குறைத்து நினைவாற்றலைக் காக்கும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. 60 கேப்சூல்கள் கொண்ட டப்பா 1,150 ரூபாய். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, அதில் 95 விழுக்காடு குர்க்குமினாய்டுகள், உறிஞ்சப்படுவதற்கு உதவியாக மிளகிலிருந்து எடுத்த பைபரின் 5 மில்லிகிராம். நாளுக்கு இரண்டு வீதம் கொடுத்தோம்.

தயாரிப்பில் அலட்சியம் இல்லை. மூடி இறுக்கமாக இருந்தது, தேதிகள் தெளிவாக இருந்தன. ஆனால் விழுங்கவே தடுமாறும் முதியவர்களுக்கு இதன் அளவு மிகப் பெரிது. அம்மா பல நாள் அதை வாயிலேயே அதக்கி வைத்துக்கொள்வார். ஒருநாள் காலையில் உறை கரைந்து உதடு, விரல்கள், தலையணை உறை எல்லாம் மஞ்சளாகிக் கிடந்தன. அம்மா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாருக்கு மஞ்சநீராட்டு?" என்று கேட்டார்.

அட்டையிலுள்ள வாக்குறுதி எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிரெக் கோல், சாலி ஃபிராட்ச்சி ஆகியோரின் குழு, அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகள் உருவாகும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு உணவில் குர்க்குமினைக் கலந்து கொடுத்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம் எலிகளின் மூளையில் குறைந்தது. அமிலாய்டு ஏறத்தாழ பாதியளவு குறைந்தது. ஆனால் அமிலாய்டு குறைந்தது சிறிதளவு குர்க்குமின் உண்ட எலிகளில்தான், பன்மடங்கு அதிகம் உண்ட எலிகளில் அல்ல. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா ஓயாமல் தூண்டப்பட்டால் அவையே நரம்பு செல்களைச் சேதப்படுத்தும் என்ற புரிதலை ஒட்டி நடந்த, மதிக்கத்தக்க ஆய்வு அது. எனக்கு அதன்மீது குறையில்லை. கூடுதலாகத் தந்தால் கூடுதல் பலன் என்று அந்த எலிகளே காட்டாதபோது, "அதிவீரியம்" என்று அட்டையில் போடுவதுதான் உறுத்துகிறது.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ரிங்மன் தலைமையிலான குழு, அல்சைமர் நோயாளிகள் 36 பேரிடம் நாளுக்கு 2 அல்லது 4 கிராம் குர்க்குமினை 24 வாரம் சோதித்து 2012இல் வெளியிட்டபோது, நினைவாற்றலில் பலன் எதுவும் தென்படவில்லை. ரத்தத்தில் சேர்ந்த அளவும் சொற்பமே. 2018இல் கேரி ஸ்மால் குழுவின் ஆய்வில் நினைவாற்றல் மேம்பட்டது உண்மைதான். ஆனால் அதில் பங்கேற்ற 40 பேருக்கும் மறதி நோய் இல்லை. அவர்கள் உண்டதும் எளிதில் உறிஞ்சப்படும்படி தனியாகத் தயாரித்த வேறொரு வடிவம். அம்மாவிடமும் நான் எந்த மாற்றத்தையும் காணவில்லை. வயிற்றுப்போக்குதான் அடிக்கடி வந்தது.

பெரிய குறை பைபரின் பற்றியது. குர்க்குமினைக் கல்லீரல் விரைவாக வெளியேற்றிவிடாமல் பைபரின் தடுக்கிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். அதே வழியில் அது வேறு மருந்துகளையும் உடலில் தேக்கிவிடக்கூடும்; அவற்றுள் ஒன்று, அம்மா வலிப்புக்காக உண்ணும் பெனிட்டாயின். அட்டையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் மருத்துவரிடம் சொல்லாமலே நான்கு மாதம் கொடுத்திருக்கிறேன். குர்க்குமின் கேப்சூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது என்பதால், நரம்பியல் மருத்துவர் உடனே அதை நிறுத்தச் சொல்லி, கல்லீரல் பரிசோதனைக்கும் பெனிட்டாயின் அளவுப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். நல்லவேளையாக இரண்டுமே இயல்பாக இருந்தன.

அல்சைமர் உள்ளவருக்காக இதை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டப்பாவையே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.