நடையா, ஜிம்மா, குளமா: 121 கிலோவில் நின்றுகொண்டு போட்ட கணக்கு

போன வருஷம் சித்திரை மாசம் அரசாங்கக் கிளினிக்கில் எடை பார்த்தார்கள். 121 கிலோ. என் உயரம் 158 செண்டிமீட்டர். மிஸ்ஸி (நர்ஸ்) அட்டையில் எழுதிக்கொண்டே "எக்சர்சைஸ் பண்ணுங்கக்கா" என்றார். என்ன எக்சர்சைஸ் என்று கேட்டேன். "நடங்க" என்றார், அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டிலும் அதே பேச்சுதான். அண்ணன் மகன் மட்டும் ஒரு படி மேலே போய், "தண்ணீர்மலை ஏறுங்க அத்தை, ஒரே மாசத்துல இறங்கிடும்" என்றான். மலை மேல் முருகன் கோயில், 513 படி. தைப்பூசத்துக்கே நான் அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் பக்கம் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வருகிற ஆள். பையனுக்கு 64 கிலோ, அவன் பேசுவான்.

எனக்கு வயது 47. மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் கிடங்குக் கணக்கு பார்க்கும் வேலை, நாள் முழுக்க நாற்காலி. கடந்த பதினான்கு மாதத்தில் நடை, டிரெட்மில், ஜிம், குளம் நான்கையும் பணம் போட்டோ வலி பட்டோ பார்த்துவிட்டேன். என் ஓட்டு குளத்துக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீச்சல் இல்லை, எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீருக்குள் நடப்பது.

ஓட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, இந்த எடையில் அது வேண்டாம். ஸும்பா நடனம் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் இரண்டே முறை ஆடினேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. கூட வேலை செய்யும் ஒருத்தி அதிலேயே நன்றாக இளைத்தாள். ஆனால் அவள் தொடங்கியதே 82 கிலோவில்.

டிரெட்மில். இரண்டாங்கையாக 450 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மின்விசிறிக்கு அடியில் நடக்கலாம், மழை வந்தாலும் கவலையில்லை என்று சந்தோஷம். மூன்றாம் நாள் ரப்பர் வாசனை வந்தபோதுதான் அடியில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் குனிந்து படித்தேன்: அதிகபட்ச எடை 110 கிலோ. வீட்டுக்கு விற்கும் மெஷின்களில் நிறையவற்றுக்கு இந்த வரம்பு 100, 120 என்றுதான் இருக்கிறது. விற்பவர் அதைச் சொல்லமாட்டார், நாமும் வெட்கத்தில் கேட்கமாட்டோம். உடற்பயிற்சி சைக்கிள், ஏணி, பிளாஸ்டிக் நாற்காலி எதுவானாலும் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். நான் 250 வெள்ளிக்குத் தள்ளிவிட்டேன்.

ஜிம் அடுத்தது. பெயர் வேண்டாம். பன்னிரண்டு மாத ஒப்பந்தம், மாதாமாதம் பேங்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள். முதல் வாரமே பயிற்சியாளர் தரையில் கை ஊன்றிக் குதித்து எழச் சொன்னார். எழுந்தேன், எப்படி என்று கேட்காதீர்கள். நல்லது ஒன்றும் இருந்தது: சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். முதுகுக்குத் தாங்கல் உண்டு, உட்காரும் இடம் அகலம், முட்டியில் பாரம் விழுவதில்லை. அது மட்டும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். வேலை முடிந்து பாலம் பக்கத்து நெரிசலைத் தாண்டி அங்கே போய்ச் சேரும்போது ஏழரை ஆகிவிடும். போகாத மாதங்களுக்கும் காசு போய்க்கொண்டிருந்தது.

இனி நடை. நடையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. செலவில்லை, யாரையும் கேட்க வேண்டாம், சேலையிலும் நடக்கலாம். பினாங்கில் இடத்துக்கும் பஞ்சமில்லை. யூத் பார்க்கில் நிழல் இருக்கிறது, கர்பால் சிங் டிரைவில் கடல் காற்று இருக்கிறது. தாவரவியல் பூங்கா 1884-ல் அமைத்தது, மரமெல்லாம் கூரை மாதிரி இருக்கும், குரங்குக்குப் பயப்படாவிட்டால் அதுதான் அழகு. வெயிலும் மழையும் சரிவராத நாளில் குயின்ஸ்பே மாலுக்குள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பவர்களும் உண்டு, நானும் நடந்திருக்கிறேன். அங்கே ஆபத்து ரொட்டிக்கடை வாசனை.

முதல் நாள் யூத் பார்க்கில் 30 நிமிஷம் நடந்தேன். பெருமையாக இருந்தது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது இரண்டு முட்டியும் துரு ஏறிய கீல் மாதிரி. தொடைகள் உரசி உள்பக்கம் தோல் உரிந்து எரிந்தது. அதற்கு மருந்து பிறகு தெரிந்தது: உள்ளே நீளமான சைக்கிள் கால்சட்டை, வாசலின். முட்டிக்குத்தான் மருந்து தெரியவில்லை. இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள்தான் மறுபடி போக முடிந்தது.

இங்கேதான் எனக்கு முடிவு வந்தது, கணக்கு வேலை செய்பவள் என்பதால் எண்ணிலேயே சொல்கிறேன். என் எடையில் அரைமணி நேரம் நிதானமாக நடந்தால் ஏறக்குறைய 200 கலோரி கரையும். ஒரு ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி) 300 பக்கம் வரும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. அப்படியென்றால் சாப்பாட்டில் கை வைக்காமல் நடையால் மட்டும் ஒரு கிலோ இறங்க 38, 39 நடை வேண்டும். அந்த முதல் மாதம் சாமி படம் போட்ட காலண்டரில் நடந்த நாளுக்கெல்லாம் வட்டம் போட்டிருந்தேன். எண்ணிப் பார்த்தால் 9 வட்டம். நாலு மாசத்துக்கு ஒரு கிலோ! அதுவும் தீபாவளி, கல்யாணச் சாப்பாடு எதுவும் குறுக்கே வராமல் இருந்தால்.

ஆக, ஒரு தடவையில் எது அதிகம் கரைக்கும் என்று பார்ப்பதே வீண் வேலை என்று பட்டது. எதைச் செய்தால் மறுநாளும் போக முடியும்? வட்டத்தின் எண்ணிக்கைதான் முக்கியம்.

முட்டி ஏன் அப்படிப் பழிவாங்குகிறது என்பதும் எளிய விஷயம்தான். சமதரையில் நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் முட்டி மூட்டின் மேல் நம் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் இறங்கும். எனக்கு அது 300 கிலோவுக்கு மேல், ஒரு எட்டுக்கு. படி இறங்கும்போது இன்னும் கூடும். தண்ணீரில் இடுப்பளவு நின்றால் கால் தாங்கும் எடை ஏறக்குறையப் பாதியாகும், மார்பளவு நின்றால் மூன்றில் ஒரு பங்கு. 121 கிலோ ஆள் 40 கிலோவாக நடக்கலாம். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நான் விட்ட எடை அது.

குளத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ரிலாவ் பக்கம் ஸ்பைஸ் வளாகத்தில் பொதுக்குளம் இருக்கிறது, கூட்டம் பார்த்து எனக்குக் கூச்சம். என் அக்கா சுங்கை ஆராவில் கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருக்கிறாள். இந்தத் தீவில் கொண்டோவில் குடியிருக்கும் சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு, அந்தக் குளங்களில் ராத்திரி எட்டு மணிக்கு ஈ காக்கை இருக்காது. அக்காவிடம் கேட்டேன். "குளம் இருக்கிறதே எனக்கு மறந்துபோச்சு, வா" என்றாள். ஜாகாவிடம் (காவலாளியிடம்) பெயர் கொடுத்து வைத்தாள்.

போகுமுன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும், மூன்றிலும் நான் தடுமாறினேன். ஆழம் முதலில். எனக்கு 1.2 மீட்டர் சரியாக மார்புக்கு வந்தது. இரண்டாவது, ஏறும் வழி. சுவரில் பதித்த இரும்பு ஏணி மட்டும் இருக்கும் குளம் என்றால் இந்த எடையில் வெளியே வர முடியாது, தண்ணீருக்குள் இருக்கும்வரை நாம் 40 கிலோ, ஏணியில் கால் வைத்ததும் பழைய ஆள். கைப்பிடி வைத்த படிக்கட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மூன்றாவது உடை. பருத்திச் சட்டையோடு இறங்க நிர்வாகம் விடாது. முஸ்லிம் பெண்கள் போடும் முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை இங்கே பெரிய அளவிலும் கிடைக்கிறது, அதைத்தான் வாங்கினேன். கூச்சமும் போயிற்று, தொடை உரசலும் நின்றது. வழுக்காமலிருக்க ரப்பர் செருப்பு.

செய்வது இவ்வளவுதான்: அகலவாட்டில் போவது, வருவது. முன்பக்கம் பத்து, பின்பக்கம் பத்து, பக்கவாட்டில் பத்து. தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும், வேகமாகப் போக நினைத்தால் இன்னும் தள்ளும். மூச்சு வாங்கும், பேச முடியும், பாட முடியாது, அந்த அளவில் 40 நிமிஷம். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கியபோது முட்டி ஒன்றும் சொல்லவில்லை. தொடைச் சதை மட்டும் கொஞ்சம் இழுத்தது. அன்றும் போனேன். குளத்தின் முதல் மாதம் காலண்டரில் 19 வட்டம்.

தண்ணீர் நடையில் எத்தனை கலோரி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தண்ணீருக்குள் இதயத்துடிப்பு தரையில் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும், அதனால் கைக்கடிகாரத்தின் கணக்கை நான் நம்புவதில்லை. ஒன்று மட்டும் நிச்சயம், குளித்து முடித்ததும் அகோரப் பசி. முதல் இரண்டு வாரம் அக்கா வீட்டு இட்லியில் போட்ட முதல் எல்லாம் போயிற்று. இப்போது போகுமுன்னே இரண்டு அவித்த முட்டை சாப்பிட்டுவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. இடி இடித்தால் உடனே வெளியேற வேண்டும், செப்டம்பர், அக்டோபரில் வாரத்துக்கு இரண்டு நாள் அப்படிப் போகும். வயிற்று மடிப்பு, மார்புக்கு அடியில் ஈரம் நின்றால் படை வந்துவிடும், எனக்கு வந்தது. துண்டால் ஒற்றி எடுத்து, முழுக்க உலர்ந்த பிறகுதான் உடை. சர்க்கரைக்கு நான் மெட்ஃபார்மின் மட்டும்தான். இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கரையில் இனிப்பு ஒன்று வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. காலில் ஆறாத புண் இருந்தால் குளம் வேண்டாம்.

இன்னொன்று, தண்ணீரில் பழகிய கால் தரையில் தானாக வலுவாகிவிடுவதில்லை. இரண்டாம் மாதத்தில் பஸ் படி ஏறும்போது தெரிந்தது. அதற்காக வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. ஐந்தில் தொடங்கி இப்போது சுற்றுக்குப் பன்னிரண்டாக மூன்று சுற்று. மர நாற்காலி, நல்லவேளை அதற்கு ஸ்டிக்கர் இல்லை.

எடை? பதினொரு மாதக் குளத்துக்குப் பிறகு 106. அதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குப் போக வேண்டும்: தே தாரேக் (பால் டீ) நின்று தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ) ஆனது, ராத்திரிச் சோறு பாதியானது, மதிய நாசி கண்டார் (கறி ஊற்றிய சோறு) வாரத்துக்கு ஒன்றானது. குளம் மட்டும் என்றிருந்தால் இதில் கால்வாசி இறங்கியிருந்தால் அதிகம்.

இந்த மாதம் அக்கா கொண்டோவில் குளத்துக்கு டைல்ஸ் மாற்றுகிறார்கள், மூன்று வாரம் மூடல். அதனால் மறுபடி யூத் பார்க். போன ஞாயிறு 35 நிமிஷம் நடந்தேன், திங்களும் போனேன். செவ்வாய் காலை முட்டி லேசாக முனகியது, புதனுக்கு வட்டம் இல்லை. அண்ணன் மகன் மலையைக் காட்டிச் சிரிக்கிறான். குளம் திறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.