பெட்ராக்கில் விதர்: ஆறு வருடம், ஏழு சண்டைகள்

போன வாரம் நண்பன் ஒருவன் மைன்கிராஃப்ட் விளையாட்டில் விதர் என்ற மூன்று தலைப் பறக்கும் எதிரியை எழுப்பத் தேவையான மூன்று விதர் மண்டையோடுகளைச் சேர்த்துவிட்ட சந்தோஷத்தில் செய்தி அனுப்பியிருந்தான். "வீடியோல பார்த்தேன்டா. சுரங்கத்துக்குள்ள நின்னு வாளால வெட்டினா சீக்கிரமே செத்துடுது. அதே மாதிரி செஞ்சா போதும்ல?" அவன் மைன்கிராஃப்ட் ஆடுவது போனில். அந்த வீடியோ கணினியில், ஜாவா பதிப்பில் எடுத்தது. "போதாது, அவசரப்படாதே" என்று மட்டும் பதில் போட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் என் ஏழாவது விதரிடம் தோற்று, மிக வலுவான நெதரைட் கவசம் முழுவதையும் வாளையும் இழந்திருந்தேன். செத்தால் மீண்டும் எழும் இடமான என் படுக்கை வெகு தூரத்தில் இருந்தது. கீழே விழுந்த பொருட்கள் 5 நிமிடத்தில் மறைந்துவிடும். ஓடிப்போய் எடுக்க நேரம் போதவில்லை.

அதனால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறு வருடமாக, போனில் ஓடும் பெட்ராக் பதிப்பில் ஆடுகிறேன், இந்த விளையாட்டை நேசிக்கிறேன். ஆனால் விதர் விஷயத்தில் ஒரு எரிச்சல் முதல் நாளிலிருந்து இன்றுவரை தீரவில்லை. ஒரே பெயர், ஒரே உருவம், ஒரே மூன்று தலை, ஆனால் இரண்டு பதிப்பிலும் இருப்பவை வேறு வேறு எதிரிகள்.

ஜாவாவில் 2012-இல் வந்த விதருக்கு எந்தக் கடினநிலையிலும் ஹெல்த் 300. கைபேசிப் பதிப்புக்கு அது 2016-இல் வந்தது. பெட்ராக்கில் ஈஸியில் 300, நார்மலில் 450, ஹார்டில் 600. இரண்டு மடங்கு என்பதுகூடப் பரவாயில்லை, அதிக நேரம் வெட்டினால் தீரும். என் எரிச்சல் பாதி ஹெல்த்தில் நடப்பதைப் பற்றியது.

திரையின் மேலே அதன் ஹெல்த்தைக் காட்டும் பட்டை பாதிக்கு இறங்கியதும் பெட்ராக் விதர் தரைக்கு வந்து இன்னொரு முறை வெடிக்கிறது. எழுப்பியவுடன் ஒரு பெரிய வெடிப்பு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கு ஓடிப்போக நேரமும் கிடைக்கும். இந்த நடு வெடிப்போ நாம் அதை ஒட்டி நின்று வெட்டிக்கொண்டிருக்கும்போது வருகிறது. நார்மலிலும் ஹார்டிலும் அந்த இடத்திலேயே மூன்று நான்கு விதர் எலும்புக்கூடுகளும் முளைக்கின்றன. அதற்கப்புறம் அது நம்மை நோக்கிப் பாய்ந்து மோத ஆரம்பிக்கிறது. ஜாவாவில் இந்த நடு வெடிப்பும் கிடையாது, பாய்ச்சலும் கிடையாது. போனின் சின்னத் திரையில், புகையும் உடைந்த கல்லும் பறக்கும்போது, வெடிக்கப்போகிறது என்பதற்கான அறிகுறியைக் கண்டுகொள்வது ரொம்பக் கஷ்டம். நான் செத்த மூன்று முறையும் அந்த ஒரு நொடியில்தான் செத்தேன்.

சரி, எப்படி அடிப்பது? நான் சொல்வது பெட்ராக்குக்கு மட்டும்.

முதலில் ஆழத்துக்குப் போக வேண்டும். திறந்த வெளியில் விதரை எழுப்பினால் அது பறந்துவிடும், கண்ணில் படும் ஆடு மாடுகளையெல்லாம் தாக்கும், நம் வீடும் தப்பாது. என் முதல் சண்டையில் தொழுவம் முழுக்கப் போனது. தரைக்கு அடியில் அது உயரப் பறக்க இடமில்லை. ஒரு சின்ன அறை தோண்டி, அங்கிருந்து ஒரு கட்டம் அகலம், இரண்டு கட்டம் உயரத்தில் நேராக 30 கட்டம் தோண்டுவேன். அதன் கடைசியில் வலப்பக்கம் ஒரு திருப்பம், திருப்பத்துக்கு அப்பால் இன்னும் 15 கட்டம். இந்தத் திருப்பம்தான் இத்தனை சண்டைகளில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரிய விஷயம்.

அறையில் சோல் சேண்ட் என்ற மணல் கட்டம் நான்கை ஆங்கில டி எழுத்து மாதிரி அடுக்கி, மேலே மூன்று மண்டையோடுகளை வைக்க வேண்டும். கடைசியாக வைப்பது மண்டையோடாக இருக்க வேண்டும். வைத்த உடனே ஓடி, திருப்பத்தில் நின்றுகொள்ள வேண்டும். வெடிப்பு முடிந்து அது வெளியே வரும்போது வாளை எடுக்காதே என்றுதான் நண்பனுக்கும் சொன்னேன். வில்தான் முதல் ஆயுதம். பாதிக்குக் கீழே இறங்கியதும் அம்பு அதன்மேல் வேலை செய்யாது, எனவே அம்பின் பயன் முதல் பாதியில் மட்டும்தான். தூரத்திலிருந்தே பாதிவரை அம்பால் கொண்டுவந்துவிட்டால், அந்த நடு வெடிப்பு நம்மைவிட்டுத் தள்ளி நடக்கும். பட்டை பாதியை நெருங்கும்போது திருப்பத்துக்கு ஒட்டி நின்று, எய்துவிட்டு மறைந்துவிட வேண்டும்.

அடுத்து எலும்புக்கூடுகள். இங்கேதான் எனக்கு எதிர்பாராத ஒரு சந்தோஷம் கிடைத்தது. விதர் எலும்புக்கூட்டின் உயரம் இரண்டு கட்டத்தைவிட அதிகம், சுமார் 2.4. இரண்டு கட்ட உயரச் சுரங்கத்துக்குள் அதனால் நுழைய முடியாது. வெடிப்பில் நேர்ச்சுரங்கம் சிதைந்து அகலமாகிவிடும், ஆனால் திருப்பத்துக்கு அப்பால் இருக்கும் பகுதி பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதன் வாயிலில் அவை வந்து தடைபட்டு நிற்பதை முதல்முறை பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது. யாரும் சொல்லித்தராத ஒன்று, விளையாட்டின் சொந்த விதிகளுக்குள்ளேயே இருந்தது. உள்ளே நின்றபடி நிதானமாக வெட்டலாம். கொன்றவற்றிடமிருந்து அதிகப் பொருள் கிடைக்கச் செய்யும் லூட்டிங் மந்திரம் ஏற்றிய வாள் கையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விதரே சுவரை உடைத்துக்கொண்டு வரும். இப்போதுதான் வாள். அதில் ஸ்மைட் என்ற மந்திரம் 5-ஆம் நிலையில் இருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் 12.5 கூடுதல் சேதம். ஸ்மைட் செத்தும் நடமாடும் எதிரிகளுக்கு எதிரானது, விதரும் அந்த வகையில் சேர்வதால் ஸ்மைட் முழுதாக வேலை செய்யும். எல்லா எதிரிகளுக்கும் பொதுவான ஷார்ப்னஸ் மந்திர வாளை வைத்துக்கொண்டு இதோடு மோதுவது வீண் உழைப்பு. பெட்ராக்கில் வெட்டுகளுக்கு இடையே காத்திருக்கத் தேவையில்லை, விரல் போகும் வேகத்தில் வெட்டலாம். நேர்மையாகச் சொன்னால், ஜாவாக்காரர்களுக்கு இல்லாத வசதி இது. அடியை வலுவாக்கும் ஸ்ட்ரெங்த் மருந்தும் சேர்ந்தால் இரண்டாம் பாதி வேகமாக முடியும்.

மருந்து என்றதும் பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விதரின் தாக்குதலால் வரும் விதர் விளைவில் நம் ஹெல்த்தைக் காட்டும் இதயங்கள் கறுத்துக் குறையும்போது பால் குடித்தால் சரியாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் பால் நம் ஸ்ட்ரெங்த் மருந்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். சண்டை நடுவில் நான் பாலைத் தொடுவதில்லை. இதயங்களை மீட்கும் தங்க ஆப்பிள் விரல் உடனே போகும் இடத்தில் இருக்கட்டும். இன்னொரு கையில், சாவிலிருந்து ஒருமுறை காப்பாற்றும் டோட்டம். கவசத்தில் ஒன்றிரண்டு துண்டுக்கு வெடிப்புச் சேதத்தைக் குறைக்கும் பிளாஸ்ட் புரொடெக்ஷன் மந்திரம் போடுங்கள். ஒரே துண்டில் அதையும் சாதா புரொடெக்ஷனையும் சேர்க்க முடியாது, பிரித்துத்தான் போட வேண்டும். மிகக் கடினமான அப்சிடியன் கல்லில் கட்டிய சுவர் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். விதர் எய்யும், மெதுவாக வரும் நீல மண்டையோடு அதையும் உடைக்கும்.

இத்தனைக்கும் ஏழாவது முறை ஏன் தோற்றேன்? விதர் எதிர்பார்த்ததைவிட வேகமாக நெருங்கியது, பட்டை பாதிக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தது. பின்வாங்காமல் வெட்டினேன். அவ்வளவுதான். தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு வெட்டுக்கு இவ்வளவு பெரிய விலையா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. ஒரு விதர் எலும்புக்கூட்டைக் கொன்றால் மண்டையோடு கிடைக்கும் வாய்ப்பு வெறும் 2.5 சதவீதம். லூட்டிங் 3 இருந்தால் 5.5. சராசரியாகப் பார்த்தால் லூட்டிங் இல்லாமல் மூன்று மண்டையோடுக்கு 120 எலும்புக்கூடுகள், இருந்தாலும் 55 பக்கம். பல மாலைகள் அவை வாழும் நெதர் கோட்டையிலேயே போகும். அந்த உழைப்பு முழுவதும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு நொடியில் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வெடிப்பு இருக்கட்டும், எலும்புக்கூடுகளும் இருக்கட்டும். அதற்கு முன் தெளிவாக, உரக்க ஒரு எச்சரிக்கை வேண்டும். ஆறு வருடமாக நான் கேட்பது இது ஒன்றுதான்.

ஈஸிக்கு மாற்றிவிட்டு அடிப்பதைப் பற்றியும் நண்பன் கேட்டான். செய்யலாம். ஹெல்த் 300 ஆகிவிடும், எலும்புக்கூடுகளும் வராது. முதல் முறைக்கு அதில் எந்த இழிவும் இல்லை. எண்ட் என்ற உலகில், உடைக்க முடியாத பெட்ராக் கல்லுக்கு அடியில் விதரைச் சிக்கவைத்து அடிக்கும் தந்திரத்தைத்தான் என்னால் ரசிக்க முடியவில்லை. அசைய முடியாமல் நிற்கும் ஒன்றைக் கீழிருந்து குத்துவதைச் சண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெயித்த நான்கு முறையும் விதரிடமிருந்து கிடைத்த நெதர் நட்சத்திரங்களில், அருகில் இருப்பவருக்குச் சக்தி தரும் பீக்கன் என்ற விளக்கு செய்தேன். 164 கட்டங்களால் முழு மேடை கட்டி, தோண்டும் வேகத்தைக் கூட்டும் ஹேஸ்ட் 2-ஐப் போட்டுச் சுரங்கம் தோண்டும்போது கல் வெண்ணெய் மாதிரி போகும். அந்த ஒளிக்கற்றை தூரத்திலிருந்து தெரியும்போது ஒவ்வொரு முறையும் பெருமையாக இருக்கிறது. இந்த விளையாட்டில் நான் ஆடிய எந்தச் சண்டையும் இரண்டாம் விதர் சண்டை அளவுக்கு என்னை உலுக்கியதில்லை. கை நடுங்க, ஒரே ஒரு இதயம் மிச்சமிருக்க ஜெயித்தேன்.

ஆனாலும் இன்று கேட்டால் என் பதில், ஹார்டில் போனில் ஆடாதே என்பதுதான். ஈஸியில் அடித்து நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடு. நண்பனுக்கு அப்படித்தான் எழுதி அனுப்பினேன். அவன் நேற்று இரவு ஈஸியில் அடித்துவிட்டான், திருப்பத்தோடு கூடிய சுரங்கம் தோண்டி. நான் நேற்று நெதர் கோட்டைக்குப் போனேன், ஒரு மண்டையோடு கிடைத்தது. இன்னும் இரண்டு வேண்டும். கடினநிலையை மாற்றவில்லை.