நடையா, அளந்த சோறா, பல் பிரஷ்ஷா: நாய்க்காக எடுக்கும் சபதத்தில் எது தேறும்?

ஜனவரி பிறந்தால் நாய் வளர்ப்பவர்கள் எடுக்கும் சபதம் பெரும்பாலும் மூன்றுதான். இன்னும் கொஞ்சம் நடக்க வைப்பேன், சாப்பாட்டை அளந்து போடுவேன், தினமும் பல் தேய்த்துவிடுவேன். மூன்றையும் சேர்த்து எடுத்தால் பொங்கலுக்குள் மூன்றும் காற்றில் போய்விடும். ஒன்றே ஒன்று என்றால் எது? சென்னை அடுக்குமாடி வீட்டில் வளரும் 30 கிலோ லேப்ரடாரை வைத்துப் பார்ப்போம். நம் பக்கம் அதிகம் கண்ணில் படும் குண்டு நாய் அதுதானே.

நிறைய பேர் ஓட்டுப் போடுவது நடைக்கு. எடை குறையத்தான் நடை என்றால் கணக்கு உதைக்கிறது. இந்த உடம்புக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது தோராயமாக 30 கலோரி. ஒரு மேரி பிஸ்கட்டிலேயே 25 கலோரி வந்துவிடும். நாலு பேர் இருக்கும் வீட்டில் காலை காபிக்கு ஆளுக்கொன்று, சாயங்காலம் டீக்கு ஆளுக்கொன்று நீட்டினால் மொத்தம் எட்டு. அதைக் கரைக்க ஆறேழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். யார் நடப்பது? போதாததற்கு, ஜனவரியில் சுகமாக இருந்த தார்ச்சாலை சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே பாதத்தைச் சுடும். சபதம் அங்கேயே படுத்துவிடும்.

அளந்து போடுவதற்கு வெயில், மழை எதுவும் தடையில்லை. பலனும் கண்கூடு. 48 லேப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கூடப் பிறந்ததைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

சிக்கல் நாயிடம் பாதி, வீட்டாரிடம் பாதி. லேப்ரடார்களில் சுமார் கால்வாசிக்கு, சாப்பாட்டின் மேல் ஆசையைக் கூட்டும் மரபணுக் கோளாறு உண்டு என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த ஏக்கப் பார்வை முழுக்க நடிப்பில்லை. அந்தப் பார்வைக்கு மசிகிற பாட்டியைத் திருத்துவது அடுத்த வேலை. ஒரு வழி இருக்கிறது. காலையில் அன்றைய மொத்தத் தீனியையும் தராசில் நிறுத்து ஒரே டப்பாவில் போட்டுவிட வேண்டும். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் கடை மூடியாச்சு. சாம்பார் சாதத்துக்கு அதில் இடமே கிடையாது, வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

பல் தேய்ப்பதைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று வயதுக்குள் பல நாய்களுக்கு ஈறு கெட ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் வாயைத் திறக்க விடுவதற்கே வாரக்கணக்கில் பழக்க வேண்டும், இரண்டு நாள் விட்டால் அழுக்கு கல்லாக இறுக ஆரம்பிக்கும். நம் பேஸ்ட்டும் ஆகாது, விழுங்கினால் ஆபத்து. இரண்டாம் வருட சபதமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்போ நடை வேண்டாமா? வேண்டும், நாயின் சந்தோஷத்துக்கு. அதற்குத் தூரத்தைவிட மோப்பம் முக்கியம். 2019-இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு பழகிய நாய்கள், காலோடு ஒட்டி நடக்கப் பழகியவற்றைவிட நம்பிக்கையோடு நடந்துகொண்டன. ஆக, ஒரே மின்கம்பத்தை ஐந்து நிமிடம் முகர்ந்தாலும் கயிற்றை இழுக்காதீர்கள். திரும்பி வந்ததும் காது மடல், கால் விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என் வரிசை குண்டு நாய்க்கானது. உங்கள் நாய் எந்த ரகம் என்று தெரிய விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுமோ, அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. டப்பாவை மறந்துவிட்டு மோப்ப நடையை எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டைக் குறைக்காமலே நாய் இளைத்துக்கொண்டே போனால் சபதமெல்லாம் அப்புறம். உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், முதலில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.