மாடி நடையா, யோகா வகுப்பா?

ஃபைப்ரோமையால்ஜியா என்று டாக்டர் பெயர் சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல், எனக்குத்தான் உடம்பு முழுக்க வலி. பெண்களிடம் அதிகம் காணப்படும் நோய். 2016-ல் ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் தந்த பரிந்துரைகளில், மிக அழுத்தமாகச் சொல்லப்பட்ட சிகிச்சை உடற்பயிற்சி ஒன்றுதான். சரி, எந்தப் பயிற்சி?

ஒரு வருடம் யோகா வகுப்புக்குப் போனேன். இப்போது மொட்டை மாடியில் நடக்கிறேன். செலவும் அலைச்சலும் எதில் குறைவு என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு முடிவைத் தந்தது வேறு: வலி கூடிய நாளில் என்ன ஆகிறது? வகுப்பில் பாதியில் பாயைச் சுருட்ட மனம் வராது. பக்கத்துப் பாய்க்காரர் குனிகிறாரே என்று நானும் குனிவேன். அப்புறம் இரண்டு நாள் படுக்கை. படுத்திருக்கையில் வலியைவிட, கட்டிய பீஸும் 'இதுகூட முடியலையே' என்ற நினைப்பும்தான் ஆளை அதிகம் வாட்டும்.

மாடியில் துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையில் ஏழு கிளிப். ஒரு சுற்றுக்கு ஒன்றை மறுமுனைக்கு மாற்றுவேன். வலி கூடிய நாளில் மூன்றோடு இறங்கிவிடலாம், கேட்பார் இல்லை. நல்ல நாளில்தான் சிக்கல். "இன்னிக்கு நல்லாத்தானே இருக்கே, இன்னும் ரெண்டு சுத்து நடந்துட்டு வாயேன்" என்பார் கீழே இருக்கும் அத்தை. நடக்க மாட்டேன். நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாள் பரண் முழுக்க ஒழித்துவிட்டு மூன்று நாள் எழாமல் கிடந்தவள் நான். ஏழு என்றால் ஏழுதான். மூன்று வாரம் பிசகாமல் போனால் மட்டும் எட்டாவது கிளிப்.

மெதுவான அசைவுப் பயிற்சிகளைக் குறைத்துச் சொல்லவில்லை. 2018-ல் அமெரிக்காவில் இந்த நோயுள்ள 226 பேரிடம் நடத்திய ஆய்வில் தாய்ச்சி என்ற சீனப் பயிற்சி, இதயத்துடிப்பைக் கூட்டும் ஏரோபிக் பயிற்சிக்கு இணையாகவோ மேலாகவோ பலன் தந்தது. நான் அதைச் செய்து பார்த்ததில்லை. வெந்நீர்க் குளப் பயிற்சியும் நல்லது என்கிறார்கள். நான் போன நீச்சல் குளத்தில் தண்ணீர் சில்லென்று இருந்தது. இரண்டே வாரம்தான் போனேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தில் வகுப்புக்கு ஈடில்லை. மாடியில் பேச்சுத் துணை கிடையாது. அதனால் சனிக்கிழமை மட்டும் இன்னும் போகிறேன். பாய் கொண்டுபோவதில்லை, ஓரமாக நாற்காலி போட்டுக் கையை மட்டும் தூக்குவேன். முடிந்ததும் கீழே டீக்கடையில் அரை மணி நேரம்.