மட்சா: குடிக்கிற ரகமா, சமையல் ரகமா?

மட்சா என்பது ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி. காரைக்குடிக்கு இரண்டு ரக டப்பாவையும் கொண்டுபோய் அப்பத்தா அடுப்படியிலேயே சோதித்தாயிற்று.

நிறம்: குடிக்கிற ரகம் பளிச்சென்ற பச்சை, சமையல் ரகம் கொஞ்சம் மஞ்சளோடியது.

சுவை: முன்னது இளங்கொழுந்துப் பொடி, லேசான இனிப்பு. 80 டிகிரி வெந்நீரே போதும், கொதிநீர் ஊற்றினால் அதுவும் கசக்கும். பின்னதை வெறும் நீரில் குடித்தால் முகம் கோணும்.

விலை: முன்னதுதான் அதிகம்.

உடம்புக்கு: இலையையே விழுங்குவதால் இரண்டிலும் கேட்டச்சின் (தேயிலையில் உள்ள ஆன்டி-ஆக்சிடன்ட்) கிடைக்கும். காபீனும் உண்டு, ராத்திரி வேண்டாம். இரும்புச்சத்து குறைந்தவர்கள் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள்.

சும்மா குடிக்க முன்னது. பால், இனிப்பு சேர்ப்பதென்றால் சமையல் ரகம்தான். பால் பணியாரத்தில் ஏலக்காயையும் மீறி மணத்தது. "கீரைத் தண்ணியாட்டம் இருக்கேடா" என்ற அப்பத்தா, கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.